காலம் சமைக்கும் பானம்

வறுத்த பார்லி முளையில் வடித்து, விஸ்கி கிடந்த ஓக் பீப்பாயில் பல மாதம் முதிரவிட்ட இம்பீரியல் ஸ்டவுட் என்னும் கரிய பியரை, காப்பிக் கசப்பும் மரத்தின் வாசனையும் நாவில் படிப்படியாக விரிய, மிடறு மிடறாகச் சுவைப்பதை அந்நிய நாகரிகம் என்று கருதுவோர், கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையை நிதானமாகப் படிக்க வேண்டும். அந்நூலிலேயே, தொண்டை நாட்டு வலைஞர் குத்தாத அரிசியைக் களியாகத் துழாவி ஆற்றி, முளையை இடித்துக் கலந்து, சாடியில் இரு பகலும் இரு இரவும் விளையவிட்டுப் பிழிந்த நறும்பிழியைச் சுட்ட மீனோடு விருந்தினர்க்கு அளித்த முறை கிரமமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. மயக்கத்தை நான் போற்றவில்லை. தானியத்தின் முளையையும் கலத்தின் குணத்தையும் காலத்தின் சக்தியையும் அறிந்த அந்த ஞானத்தை நம் பூர்வீகக் கலைகளுள் ஒன்றாக மதித்து ஆராய வேண்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம்.