சீனத்துக்கு ஓர் ஒற்றைச் சாவி

அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017 இல் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்ட நாள்முதல் சீனாவைப் பற்றிய பேச்சு நம்மிடையே வலுத்துள்ளது. கடனைப் பெற்றவர் யார், நிபந்தனைகள் யாவை, நன்மையடைந்த வர்க்கம் எது என்ற வினாக்கள் எழவேண்டிய இடத்தில், "நூறாண்டுக்கு முன்னோக்கித் திட்டமிடுவது சீனரின் பண்பாடு" என்ற வாக்கியம் வந்து அமர்ந்துகொள்கிறது. என் மாணவரின் கட்டுரைகளிலும் இதைக் காண்கிறேன். அறிஞர் எனப்படுவோரின் எழுத்துகளிலும் காண்கிறேன். மாணவரை மன்னிக்கலாம். அறிஞரை எங்ஙனம் மன்னிப்பது?

பண்பாடு என்னும் இந்த ஒற்றைச் சாவியின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். ஹெகல் சீனத்தை வளர்ச்சியற்ற தேக்கமாகக் கண்டார். 1915 இல் மக்ஸ் வெபர், அங்கு நவீன முதலாளித்துவம் தோன்றாமைக்குக் கொன்பூசிய அறநெறி ஒரு முக்கிய காரணம் என வாதித்தார். 1980களில் தாய்வானும் தென்கொரியாவும் சிங்கப்பூரும் ஹொங்கொங்கும் விரைந்து வளர்ந்தபோது, அவ்வளர்ச்சிக்கும் அதே அறநெறியே காரணம் என மேலைநாட்டார் பலர் எழுதினர். தேக்கத்துக்கும் கொன்பூசியஸ், வளர்ச்சிக்கும் கொன்பூசியஸ்! எதையும் விளக்கவல்ல காரணம் எதையும் விளக்குவதில்லை என்பது தர்க்கத்தின் அரிச்சுவடி.

இவ்விளக்கங்கள் மறைத்தவை எவை? 1839 இல் தொடங்கிய அபினிப் போரின் முடிவில், 1842 இல், நான்கிங் ஒப்பந்தத்தின்மூலம் பிரித்தானியா ஹொங்கொங்கைப் பறித்துக்கொண்டது. அபினியைப் பீரங்கியின் துணையோடு விற்றவரின் உலகம், மயங்கிக் கிடந்தவரைச் சுட்டி, "சோம்பல் சீனரின் இயல்பு" என்றது. அமெரிக்காவோ 1882 இல் சீனத் தொழிலாளரின் வருகையைச் சட்டத்தால் தடுத்தது. அங்குச் சாட்டப்பட்ட குற்றம் வேறு: குறைந்த கூலிக்கு ஓயாது உழைத்து வெள்ளையரின் வேலையைப் பறிக்கின்றனராம்! சோம்பலும் குற்றம், உழைப்பும் குற்றம். மாறியது சீனரின் இயல்பன்று, கூறுவோரின் தேவை.

அவ்வாறாயின் அந்நியர் வாயே திறக்கலாகாதா? அதுவன்று என் வாதம். அமெரிக்கப் பாதிரியார் ஆதர் சிமித் சீனரின் குணங்களைப் பட்டியலிட்டு எழுதிய நூலைச் சீன மக்கள் படித்துச் சிந்திக்கவேண்டும் என விரும்பியவர் லூ சுன். ஆ கியூவைப் படைத்துத் தம் சமூகத்தை அவரைவிடக் கடுமையாகச் சாடியவர் யார்? ஆயினும் அவர் சாடியது மாற்றக்கூடிய ஒரு சமூகத்தை. மாறாத ஓர் இனத்தையன்று.

சீனருள்ளும் சீனம் ஒன்றன்று. 1919 இன் மே நான்கு இயக்கத்தையொட்டி எழுந்த இளைஞர் கொன்பூசியசைத் தூக்கியெறிய முழங்கினர். 1974 இல் அரசே அவருக்கெதிராக இயக்கம் நடத்தியது. 2004 இல் அதே அரசு, அவர் பெயர் தாங்கிய முதலாவது நிறுவனத்தைச் சியோலில் திறந்தது. "சீனத் தேசிய இனம்" என்ற சொல்லாட்சியே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியாங் கிச்சாவ் போன்றோரால் பரவியது. ஐம்பத்தாறு இனங்களை ஏற்றுள்ள நாட்டில், 2020 இல் உள்மொங்கோலியாவில் சில பாடங்கள் மொங்கோலிய மொழியிலிருந்து சீனமொழிக்கு மாற்றப்பட்டபோது பெற்றோரும் மாணவரும் எதிர்த்தெழுந்தனர். ஒற்றைச் சாவியை அந்நியர் மட்டும் ஏந்தவில்லை, ஆட்சியாளரும் ஏந்துகின்றனர். தாய்மொழிக் கல்வியின் அருமையறிந்த நாம் அப்பெற்றோரின் குரலைக் கேளாதிருப்பது தகுமா? 1966 இன் கலாசாரப் புரட்சியைத் தூரத்திலிருந்து வழிபட்ட நம் முன்னோடிகள் சிலரின் பிழையை நாமும் செய்யலாகாது. வெறுப்பைப் போலவே வழிபாடும் மனிதரைக் காணாது.

கொழும்பு நூதனசாலையில், காலியில் 1911 இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு உள்ளது. 1409 ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்லைக் கொணர்ந்தவர், யுன்னானில் இசுலாமியக் குடும்பத்திற் பிறந்த செங் ஹோ. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றுகின்றது. அதே செங் ஹோவின் படை இத்தீவின் ஆட்சியாளன் ஒருவனைச் சிறைப்பிடிக்க, 1411 இல் அவன் சீனப் பேரரசன்முன் நிறுத்தப்பட்டான். இதனைச் "சமாதானப் பண்பாடு" என்பதா, "ஆக்கிரமிப்புப் பண்பாடு" என்பதா? இரண்டும் பொருந்தா. வாணிகமும் அரசியலும் அதிகாரமுமே அக்கல்லைப் பேசவைத்தன.

ஆசிரியத் தோழர்களே, மாணவரை அக்கல்லின்முன் அழைத்துச் செல்லுங்கள். "சீனர் எத்தகையோர்?" என்ற வினாவை அழித்துவிட்டு, "எந்தச் சீனர், எக்காலத்தில், எவருடைய நலனுக்காக?" என்று வினவப் பழக்குங்கள். அவ்வாறு வினவப் பழகியவன், நாளை தன்னைப் பற்றியும் பிறர் ஒற்றை வாக்கியம் எழுதும்போது ஏமாறமாட்டான்.