பெயர் இருந்தால்தான் எலும்பும் வீடு திரும்பும்



2016-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் சிட்னிக்குப் பக்கத்திலுள்ள ரிச்மண்ட் விமானத் தளத்தில் இரண்டு பெரிய இராணுவ விமானங்கள் வந்து இறங்கின. வந்தவை 33 சவப்பெட்டிகள். அவற்றில் 32 நம் மலாக்காவில், தெரண்டாக் முகாமின் இடுகாட்டிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டவை. ஒன்று சிங்கப்பூர் கிராஞ்சியிலிருந்து போனது. பெரும்பாலோர் வியட்னாம் போரில் மாண்ட ஆஸ்திரேலியச் சிப்பாய்கள். மற்றவர்கள் இந்தப் பக்கத்தில் பணியாற்றிய படையினரும் அவர்கள் குடும்பத்தாரும். பெட்டிகளை ஏற்றிய வண்டிகள் வரிசையாகப் போக, சனங்கள் சாலையோரம் நின்று மரியாதை செலுத்தினார்கள்.

“செத்து அம்பது வருசமான எலும்புக்கு இவ்வளவு தடபுடலா?” என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். தடபுடல் அல்ல தோழர்களே. தெரண்டாக் ஓர் இராணுவ முகாம். நினைத்த நேரத்தில் உள்ளே போய் ஒரு பூ வைத்துவிட்டு வர முடியாது. அனுமதி வாங்க வேண்டும். கடல் கடந்து வர வசதியும் வேண்டும். அப்பன் இருக்கும் இடம் தெரிந்தும் பக்கத்தில் போக முடியாமல் ஐம்பது வருடம் காத்திருந்த பிள்ளைக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அவர்கள் ஏன் இங்கே புதைக்கப்பட்டார்கள் என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். விழுந்த இடத்துக்கு அருகிலேயே புதைப்பது என்பதுதான் அந்த அரசாங்கத்தின் பழைய வழக்கம். வியட்னாமில் மாண்டவனை ஊருக்குக் கொண்டுவர வேண்டுமானால் குடும்பம் 500 பவுன் கட்ட வேண்டும் என்றார்கள். காசு உள்ளவன் பிணம் வீட்டுக்கு, இல்லாதவன் பிணம் அயல்நாட்டுக்கு! மக்கள் கொதித்துப் போனார்கள். 1966-இல் அரசாங்கம் இறங்கி வந்தது. இனி அரசுச் செலவில் கொண்டுவருவோம் என்றது. ஆனால் அதற்கு முன் போனவர்கள் போனவர்கள்தான் என்று விட்டுவிட்டது. குடும்பங்களும் பழைய படைவீரர்களும் விடவில்லை. கேட்டார்கள், கேட்டார்கள், கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2015-இல்தான் சரி என்று பதில் வந்தது. இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்று சொன்ன குடும்பங்களும் உண்டு, அதையும் மதித்தார்கள்.

இதில் நாம் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, ஒவ்வொரு கல்லறையிலும் இன்னார் என்ற பதிவு இருந்தது. இரண்டு, கேட்பதற்கு ஆள் இருந்தது. இந்த இரண்டும் இல்லாமல் எந்த எலும்பும் வீடு திரும்பாது.

இப்போது சயாமுக்குப் போன நம் ஆட்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் துப்பாக்கி பிடித்தவர்கள் அல்லர். பால்வாளியும் உளியும் பிடித்தவர்கள். ஆனாலும் போர் அவர்களையும் தின்றது. 1942-லும் 1943-லும் ஜப்பான்காரன் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டான். அதற்கு 60,000-க்கு மேற்பட்ட வெள்ளைக்காரப் போர்க் கைதிகளைக் கொண்டுபோனான். ஆசியத் தொழிலாளர்களோ 180,000-க்கு மேல் என்கிறார்கள். அதில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர்.

கைதிகளில் 12,000-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களுக்குள் அதிகாரிகள் இருந்தார்கள், டாக்டர்கள் இருந்தார்கள், செத்தவர்களை இரகசியமாக எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள். போர் முடிந்த 1945-லேயே ஒரு குழு பாதை நெடுகப் போய் 10,000-க்கு மேற்பட்ட கல்லறைகளைக் கண்டெடுத்தது. இன்றைக்குக் காஞ்சனபுரியில் போய்ப் பாருங்கள். புல் வெட்டிய இடுகாடு. கல்லுக்குக் கல் பெயர், படை, வயது.

நம் ஆட்களுக்கு? டாக்டர் இல்லை, எழுதி வைக்க ஆளும் இல்லை. காலரா வந்தபோது குழியில் மொத்தமாகத் தள்ளினார்கள். ஆசியத் தொழிலாளர்களில் 90,000 பேர் மாண்டிருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடுதான். வெள்ளைக்காரனைத் தலை தலையாக எண்ணினார்கள். நம்மை ஆயிரம் ஆயிரமாக உத்தேசித்தார்கள். 1990-இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளியே வந்தன. எந்தத் தாய் பெற்ற பிள்ளைகளோ! எந்த வீட்டுக்கு அனுப்புவது?

இந்தப் பக்கம் வீட்டில் என்ன நடந்தது? புருஷன் இருக்கானா செத்தானா தெரியாமல், தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தவித்த பெண்கள் எத்தனை பேர்! இறந்த தேதி தெரியாததால் கருமாதி இல்லை. அமாவாசையில் ஓர் இலை போட்டதோடு சரி. தோட்டம் தோட்டமாகப் போகிற நமக்கு இது கேட்டுப் பழகிய கதை.

2023-இல் காஞ்சனபுரியில் நம் தமிழர்களுக்கு ஒரு நடுகல் எழுப்பினார்கள். பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் கல் நட்டதோடு வேலை முடிந்துவிடாது. கல்லில் செதுக்கப் பெயர் வேண்டாமா?

ஆகவே நாம் சொல்வது இதுதான். எலும்பைக் கொண்டுவருவது இனி நம்மால் ஆகாத காரியமாக இருக்கலாம். பெயரைக் கொண்டுவரலாம். அரசாங்கம் தேசிய சுவடிக்கூடத்தில் சயாமுக்குப் போனவர்களுக்கென்று ஒரு பேரேடு திறக்க வேண்டும். அது திறக்கும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சங்கக் கிளையும் கோயில் கமிட்டியும் ஒரு நோட்டுப் புத்தகம் போட வேண்டும். போனவர் பெயர், தகப்பன் பெயர், எந்தத் தோட்டம், எந்த லயம், திரும்பினாரா இல்லையா. இவ்வளவு போதும்.

இது செத்தவர்களுக்கு மட்டும் உள்ள விஷயம் அல்ல. இன்றைக்குச் செம்பனைக் காட்டில் பத்திரமில்லாமல் வேலை வாங்கப்படுகிற அயல்நாட்டுத் தொழிலாளி விழுந்து செத்தால், அவன் ஊருக்கு யார் சேதி சொல்வது? உயிரோடு இருக்கும்போது பதிவில் இல்லாதவன் செத்த பிறகும் பதிவில் இருக்க மாட்டான். சங்கம் பெயர் எழுதச் சொல்வது சந்தாவுக்காக மட்டும் என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நாள் அதிகம் இல்லை தோழர்களே. அன்று தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கே இன்று எண்பது வயது தாண்டிவிட்டது. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, சனங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளில் சிதறிக் கிடக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, வீட்டிலிருக்கும் பெரியவர் பக்கத்தில் உட்காருங்கள். “நம்ம வீட்டுல யாரு தாத்தா சயாமுக்குப் போனது?” என்று கேளுங்கள். சொல்வதை எழுதுங்கள்.