பெரியோர் படமும் சிறியோர் கண்ணும்

2025 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கொன்று நம்மவர் பலர் வாயிலும் சில நாள் அடிபட்டது. ரஜினிகாந்த் நடித்த 'கூலி' என்னும் படத்துக்கு இந்தியத் தணிக்கைச் சபையார் 'ஏ' முத்திரை வழங்கியிருந்தனர். பதினெட்டு வயது நிரம்பாதவர் அப்படத்தைப் படமாளிகையிற் பார்க்க முடியாது என்பது அதன் பொருள். படத்தைத் தயாரித்த சன் நிறுவனத்தார் அம்முத்திரையை மாற்றித் தருமாறு மனுச் செய்தனர். நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது.

மனுதாரர் பக்கத்தில் எடுத்துரைக்கப்பட்ட நியாயத்தைச் சற்றுக் கவனியுங்கள். 'கே.ஜி.எஃப்.', 'பீஸ்ட்' ஆகிய படங்களிலும் அடிதடிக்குக் குறைவில்லையே. பெற்றோர் துணையுடன் பிள்ளைகள் பார்க்கலாமென்று அவற்றை விட்டீர்களே. எமக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை? வியாபாரிக்கு இது நியாயமான கேள்விதான். 'ஏ' முத்திரை பெற்ற படத்தை அப்படியே இந்தியத் தொலைக்காட்சியிற் காட்ட இயலாது. குடும்பம் குடும்பமாக வரும் கூட்டமும் குறைந்துவிடும். ஆனால், ஒன்பது வயதுப் பிள்ளையொன்று அக்காட்சிகளைக் கண்டால் அதன் மனத்திலே யாது நிகழும் என்பதற்கு இந்த வாதத்தில் இடமே இல்லை. அக்கேள்வி என்னை விடுவதாயில்லை. அந்த ஒன்பது வயதுப் பிள்ளையாக ஒரு காலத்தில் நானே இருந்திருக்கிறேன்.

என் அம்மான் யாழ்ப்பாணப் பட்டினத்துப் படமாளிகை ஒன்றுக்கு என்னை அழைத்துச் சென்றார். ஆங்கிலப் படம். வாயிலிலே 'வயது வந்தோர்க்கு மட்டும்' என்ற பலகை தொங்கிற்று. சீட்டுக் கிழிப்பவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அம்மான் அவரைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டோம். நாயகனும் நாயகியும் முத்தமிடும் கட்டம் வந்ததும் அம்மானின் உள்ளங்கை என் கண்களை மூடிற்று. சுருட்டு மணத்த அந்தக் கை, முத்தம் முடிந்த பின்னரும் சிறிது நேரம் விலகவில்லை. பிறகு கொலைக் கட்டம் வந்தது. ஒரு பெண் தனித்திருக்கும் அறை. கதவின் கைபிடி மெல்ல, ஓசையின்றித் திரும்புகிறது. அப்பொழுது அம்மானின் கை அவருடைய முழங்காலிலே கிடந்தது. நான் முழுவதையும் பார்த்தேன்.

எங்கள் வீட்டுக் கதவுக்குக் கைபிடி கிடையாது, வெறுந் தாழ்ப்பாள்தான். ஆயினும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்தபடியே உறங்கினேன். இரவிலே கிணற்றடிக்குப் போக அம்மாவைத் துணைக்கு எழுப்பி ஏச்சும் வாங்கினேன். காரணத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த படத்துக்கு அழைத்துப் போகமாட்டார்கள் அல்லவா?

இது என் ஒருவனுடைய கோழைத்தனம் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அமெரிக்காவிலே கிறிஸ்டன் ஹரிசன், ஜோஆன் கான்ரர் என்னும் ஆய்வாளர் இருவர் 1999 இல் வெளியிட்ட ஆய்வு என் எண்ணத்தை மாற்றியது. 150க்கு மேற்பட்ட பல்கலைக்கழக மாணவரை அவர்கள் விசாரித்தனர். இளமையில் திரையிற் கண்டு அஞ்சிய அனுபவம் தமக்குண்டு என்று கூறியவர் நூற்றுக்கு 90 பேர். அந்த அச்சத்தின் எச்சம் இன்றும் தம்மை விடவில்லை என்றவர் ஏறக்குறையக் காற்பங்கினர். கான்ரர் கண்ட இன்னோர் உண்மையும் உண்டு. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை விகார உருவத்தைக் கண்டு அஞ்சுகிறது. உருவம் நல்லவனுடையதா, கெட்டவனுடையதா என்று அது ஆராய்வதில்லை. அதற்கு மேற்பட்ட பிள்ளையோ நம் வீட்டிலும் நடக்கக்கூடியதைக் கண்டே அஞ்சுகிறது. கைபிடி திரும்பிய காட்சி என்னை ஏன் பிடித்துக்கொண்டது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

தமிழ்ப் படங்களுள் முதன்முதல் 'ஏ' முத்திரை பெற்றது, எம். ஜி. இராமச்சந்திரன் நடித்து 1951 இல் வெளிவந்த 'மர்மயோகி'. ஆபாசமன்று, குருதியன்று, பேய் உலாவும் காட்சிகளே அதற்குக் காரணம். இதைச் சொன்னால் இளைஞர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்நாளையோர் பழைமையில் ஊறியவராக இருக்கலாம். எனினும், பிள்ளை எதைக் கண்டு அஞ்சும் என்று ஒரு கணமேனும் எண்ணிப் பார்த்தனர். பின்வந்த நாமோ நமக்கு வெட்கந் தருவதையே அளவுகோலாக்கிக்கொண்டோம். முத்தத்துக்குக் கத்தரிக்கோல், கழுத்தறுப்புக்குக் கைதட்டல்!

2023 இல் திருத்தப்பட்ட இந்தியச் சட்டம், பெற்றோர் துணையுடன் பார்க்கத்தக்க படங்களை 7, 13, 16 என்று மூன்று வயதுப்படிகளாகப் பிரித்திருக்கிறது. வயதுக்கு வயது அச்சம் வேறுபடும் என்பதை ஒப்புக்கொண்ட வகையில் இது நல்லதே. ஆனால் இந்த எண்கள் தடையல்ல, பெற்றோருக்குச் சொல்லும் புத்திமதி மட்டுமே. துணைக்கு வருபவர் என் அம்மானைப் போன்றவராயின் எண்ணால் ஆவதென்ன? அந்தத் துணைதானும் இன்று அருகி வருகிறது. ஓகஸ்ட் 14 இல் படமாளிகைக்கு வந்த 'கூலி', செப்டெம்பர் 11 இல் அமேசன் பிரைமிலே வந்துவிட்டது. வாயிலில் மறிக்கப்பட்ட பையன் நான்கு வாரம் பொறுத்திருந்தாற் போதும். நம் நாட்டிலுள்ளது 1912 ஆம் ஆண்டின் பொதுக்காட்சிகள் கட்டளைச் சட்டம். போர்வைக்குள்ளே ஒளிரும் கைத்தொலைபேசி எந்தப் பொதுக்காட்சி?

அண்மையில் உறவினர் வீடொன்றில் அவ்வாறு ஒளிர்ந்த போர்வையொன்றைக் கண்டேன். விலக்கியபோது எட்டு வயதுப் பையன் தொலைபேசியை விரைந்து கவிழ்த்தான். "என்ன பார்த்தனீ?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லைப் பெரியப்பா," என்றான். அந்தப் பதில் எனக்குப் பழக்கமானதே. விளக்கை அணைக்கட்டுமா என்றதற்கு மட்டும் வேண்டாமென்று தலையசைத்தான். நான் அவனருகே சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அம்மானுக்கு இப்பொழுது எண்பது கடந்துவிட்டது. அன்றைய படத்தைப் பற்றி ஒருநாள் அவரிடம் கேட்டேன். முத்தக் காட்சி நன்றாக நினைவிருந்தது; சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு தாம் பட்ட சங்கடத்தைச் சொல்லிச் சிரித்தார். கொலையைப் பற்றிக் கேட்டதும் நெற்றியைச் சுருக்கினார்.

"அந்தப் படத்திலை கொலை இருந்ததோ, மருமோன்?"