பிள்ளை படிக்கட்டும், அப்பன் கேட்கட்டும்!

பள்ளிக்கூடம் வந்துவிட்டது. பாடநூலும் சீருடையும் விலையின்றி வருகின்றன. 1956-இல் காமராசர் ஆட்சியில் மாநிலத் திட்டமாகத் தொடங்கிய பகலுணவு, 1982-இல் சத்துணவாக விரிந்தது. 2022-இல் காலை உணவும் அதோடு சேர்ந்தது. 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இந்திய மக்களில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் 18 பேர். 2011-இல் அது 73 ஆயிற்று. தமிழ்நாட்டிலோ 80-ஐத் தொட்டது. ஏழையின் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்டவர்களின் வாயை அடைத்த கணக்கு இது. பெருமைப்பட வேண்டியதுதான்.

ஆனால், வருகைப் பதிவேட்டில் பெயர் இருப்பது வேறு. பக்கத்தைப் பார்த்துப் படிப்பது வேறு. இதை நாம் மறந்துவிடலாகாது.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை பாடத்தை மணிமணியாக ஒப்பிக்கிறது. வீட்டார் மகிழ்கிறார்கள். அதே பக்கத்தில் நடுவரி ஒன்றைச் சுட்டி, "இதைப் படி" என்று சொல்லிப் பாருங்கள். சில பிள்ளைகள் திகைத்து நிற்கும். வகுப்பில் பத்துப் பேரோடு சேர்ந்து கூவியதைக் காது பிடித்துக்கொண்டது, கண் பிடித்துக்கொள்ளவில்லை. இது பிள்ளையின் குற்றமா? இல்லை. எழுத்தைக் கூட்டிப் படித்துப் பழக அதற்கு நேரமும் கிடைக்கவில்லை, கேட்க ஆளும் கிடைக்கவில்லை. ஓர் ஆசிரியர் முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றும் படிப்பதை நாள்தோறும் தனித்தனியே எப்படிக் கேட்பார்?

அந்தக் காது வீட்டில்தான் இருக்கிறது. அது நம்முடைய காது, தோழர்களே!

"எனக்கென்ன தெரியும்? ஷிப்டு முடிந்து வருவதற்குள் உயிர் போகிறது. நானே ஐந்தாவதோடு நின்றவன். அதற்குத்தானே டியூஷன் வைத்திருக்கிறோம்?" என்று சொல்லும் தோழர்கள் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வோம். உங்களைப் பாடம் நடத்தச் சொல்லவில்லை, கேட்கச் சொல்கிறோம். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும். கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டு, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்த்தி, "என்னடா கண்ணு, இன்னைக்கு என்ன பாடம்? அப்பாவுக்குப் படிச்சுக் காட்டு" என்று கேளுங்கள். கூலியில் ஒரு பகுதியை டியூஷனுக்குக் கொட்டினாலும் இந்தக் கால் மணி நேரத்தைக் கடையில் வாங்க முடியாது.

பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழுக்கு 247 எழுத்து என்றவுடன் மலைக்க வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மற்ற 216-உம் இவற்றின் கூட்டு. துணைக்காலும் கொம்பும் சுழியும் பிடிபட்டுவிட்டால் பாதி வழி கடந்தாயிற்று. மேடு பள்ளமான இடங்கள் சில உண்டு. 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் கண் முதலில் காண்பது கொம்பு. வாய் முதலில் சொல்ல வேண்டியதோ 'க்' என்னும் ஒலி. 'கு', 'டு', 'து', 'சு' நான்குக்கும் உகரம் ஒன்றுதான். ஆனால் ஆளுக்கொரு சட்டை போட்டு நிற்கிறது. 'கல்', 'பகல்', 'தங்கம்' மூன்றிலும் ஒரே 'க' மூன்று விதமாக ஒலிக்கிறது. தடுமாறும் பிள்ளை மக்கு அல்ல. தடுமாற வேண்டிய இடத்தில்தான் தடுமாறுகிறது.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் நாம் பேசும் தமிழ் வேறு, புத்தகத்தில் அச்சான தமிழ் வேறு. புத்தகம் 'தண்ணீர் இருக்கிறது' என்கிறது. பிள்ளை 'தண்ணி இருக்கு' என்று படிக்கிறது. உடனே தலையில் குட்டும் கை உண்டல்லவா, அந்தக் கையை நிறுத்துங்கள். பொருள் புரிந்ததனால்தான் பிள்ளை அப்படிப் படித்தது. "சரிதான். இப்போ எழுத்தைப் பார்த்துச் சொல்லு" என்றால் போதும், இரண்டும் ஒன்றுதான் என்று அது தானே கண்டுகொள்ளும். நம் பேச்சு இழிவானது என்ற எண்ணம் மட்டும் அதன் மனத்தில் விழக் கூடாது.

ஒரு சொல்லில் நின்றுவிட்டால் உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள். மனத்துக்குள் ஐந்து எண்ணும் வரை பொறுங்கள். பிறகும் வரவில்லையென்றால் முதல் எழுத்தைச் சொல்லுங்கள். அப்போதும் வராவிட்டால் முழுச் சொல்லையும் சொல்லிவிட்டு மேலே போங்கள். ஒவ்வொரு பிழைக்கும் வண்டியை நிறுத்தினால் ஊர் போய்ச் சேர முடியாது. நேற்றுப் படித்த பக்கத்தை இன்றும் படிக்கட்டும். நேற்றுத் திக்கிய இடத்தில் இன்று ஓடும். முடித்ததும் "என்ன கதை?" என்று கேளுங்கள். கதையைச் சொல்ல முடிந்தால்தான் படித்ததாகப் பொருள். அடியும் ஏச்சும் வேண்டாம். அடிபட்ட பிள்ளை முதலில் வெறுப்பது புத்தகத்தைத்தான்.

எழுத்தே அறியாத தோழர் என்ன செய்வது? வெட்கப்பட வேண்டாம். கதை சொல்லத் தெரியும், விடுகதை போடத் தெரியும், பாட்டுத் தெரியும். அவையெல்லாம் பிள்ளைக்குச் சொற்செல்வம். வழியில் பேருந்தின் ஊர்ப்பலகையைக் காட்டி, "இது எந்த ஊருக்குப் போகுது, படிச்சுச் சொல்லு" என்று கேட்கலாம். ரேஷன் கடைப் பலகையும் சுவரொட்டியும் நாளேட்டின் தலைப்பும் காசு கேட்காத பாடநூல்கள். தகப்பனுக்குப் பிள்ளை பலகை படித்துச் சொல்லும்போது அதன் முகத்தில் வரும் ஒளியைப் பாருங்கள். எந்தப் பரிசும் அதற்கு ஈடாகாது.

இதையும் வீட்டுப் பெண்கள் தலையில் கட்டிவிடலாம் என்று எண்ணும் தோழர்களுக்கு ஒரு சொல். ஆலையிலோ வயலிலோ உழைத்துவிட்டு வந்து அடுப்பிலும் நிற்கிறவளுக்கு இது மூன்றாவது ஷிப்டு. சமத்துவம் பேசும் வாய்க்கு வீட்டில் கால் மணி நேர வேலை இருக்கிறது.

தொழிலாளர் இயக்கத்துக்குப் படித்துக் காட்டுவதும் கேட்பதும் புதியதா? கேரளத்துக் கண்ணூரில் பீடித் தொழிலாளர்கள் தங்களில் ஒருவரைப் பத்திரிகை படிக்க வைத்து, அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் படிப்பகத்திலும் ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாத பலர் சூழ்ந்து நின்று கேட்டார்கள். கேட்ட காதுகளில்தான் அரசியல் விழிப்பு ஏறியது. அன்று பெரியவர்கள் படித்தார்கள், கேட்டார்கள். இன்று நம் பிள்ளை படிக்கட்டும், நாம் கேட்போம்.

கிளைகளுக்கும் இதில் வேலை உண்டு. பூட்டிக் கிடக்கும் படிப்பகத்தை மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். படித்த இளந்தோழர்கள் முறைவைத்து உட்காரட்டும். சென்னை மாகாணப் பொதுநூலகச் சட்டம் 1948-இல் வந்தது, இந்தியாவுக்கே முன்னோடி. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ஆகவே ஊர் நூலகம் நம் சொத்து. பிள்ளையின் கையைப் பிடித்து அங்கே அழைத்துப் போங்கள். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 2023-இல் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளில் சிறு நூல்களைக் கொண்டுவந்தது. உங்கள் பள்ளியில் அவை இருக்கின்றனவா, பீரோவில் தூங்குகின்றனவா, பிள்ளைகள் கையில் புரள்கின்றனவா என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள்.

இப்படிச் சொல்வதால் அரசின் கடமையை வீட்டின் தோளுக்கு மாற்றுகிறோம் என்று எவரும் கருத வேண்டாம். ஆசிரியர் இல்லாத பள்ளிக்கு ஆசிரியரையும், நூலகம் இல்லாத ஊருக்கு நூலகத்தையும், எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காத ஆலையையும் கேட்டுப் போராடுவோம். வேலை நேரம் குறைய வேண்டும் என்று தொழிலாளி கேட்டது எதற்காக? தன் வீட்டில் தன் பிள்ளையோடு இருக்கவும்தானே? வென்றெடுத்த நேரத்தில் கால் மணியைப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

நாளைக்கு அந்தப் பிள்ளை வேலை ஒப்பந்தத்தைத் தானே படிக்கும். சம்பளச் சீட்டின் பிடித்தத்தைத் தானே கணக்குப் பார்க்கும். "இங்கே கையெழுத்துப் போடு" என்று நீட்டுகிறவனிடம், "இருங்கள், படித்துவிட்டுப் போடுகிறேன்" என்று சொல்லும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவும்.

இன்றிரவே தொடங்குங்கள், தோழர்களே. புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். வாயை மூடிக் காதைத் திறந்து வையுங்கள்!