மூடப்படும் பந்தயக் களங்கள்: திமிரி வட்டார மோட்டார் பந்தய இரசிகர் அமைப்பின் நிலைப்பாட்டு அறிக்கை

பந்தயக் களம் ஒன்றை மூடுவது நில உரிமையாளர், குத்தகைதாரர், அரசு ஆகிய மூவருக்குள் பேசி முடிக்க வேண்டிய விவகாரமாகவே நம் நாட்டில் நடத்தப்பட்டு வருகிறது. பல்லாண்டுகளாகச் சீட்டு வாங்கிக்கொண்டு வெயிலில் நின்ற பார்வையாளருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பதை எவரும் பொருட்படுத்துவதில்லை. திமிரி, ஆற்காடு, இராணிப்பேட்டை, ஆம்பூர் ஆகிய ஊர்களின் மோட்டார் பந்தய இரசிகர்கள் கூடி இயங்கும் இவ்வமைப்பு இந்த நடைமுறையை ஏற்கவில்லை. களம் மூடப்படுவதால் எவர் பயன் அடைகிறாரோ அவரே மாற்றுக் களத்துக்கும், மூடப்பட்ட களத்தைப் பற்றிய முறையான ஆவணத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே இவ்வமைப்பின் நிலைப்பாடு. அதற்கான காரணங்களைச் சோழவரத்தின் வரலாற்றை முன்வைத்து இவ்வறிக்கை விளக்குகிறது.

சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஒரு விமான ஓடுதளம் அமைக்கப்பட்டது. போர் முடிந்து விமானங்கள் போனபின் வெறிச்சோடிக் கிடந்த அந்தத் தளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1950களில் தொடங்கி ஏறத்தாழ 1980களின் இறுதிவரை கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்தியது. விமானத் தளத்தில் பந்தயம் என்பது சென்னைக்கு மட்டும் உரிய விசித்திரம் அன்று. கல்கத்தாவுக்கு அருகே பாரக்பூர் தளத்திலும் பந்தயங்கள் நடந்தன. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் களமே போர்க்கால விமானத் தளம்தான், 1948இல் அங்கு முதல் பெரும்பந்தயம் நடந்தபோது வைக்கோல் கட்டுகளை அடுக்கியே வளைவுகள் குறிக்கப்பட்டன. நீளமான நேர்ப்பாதை, திடீரென ஒரு கூர்வளைவு, மீண்டும் நேர்ப்பாதை என்ற அமைப்பு எல்லா ஓடுதளக் களங்களுக்கும் பொது. அதனால் வேகம் எளிதில் கூடும். அந்த வேகத்தை அடக்குவதில்தான் ஓட்டுநரின் திறமை வெளிப்படும்.

சோழவரத்தின் சிறப்பு அங்கு ஓடிய வண்டிகளின் கலவையில் இருந்தது. திருவொற்றியூரில் தயாரான என்ஃபீல்டு, மைசூரில் தயாரான ஜாவா, பின்னர் இராஜ்தூத், 1983க்குப் பின் யமஹா ஆர்டி 350 எனத் தெருவில் ஓடிய வண்டிகளே சைலன்சர் கழற்றி, எடை குறைத்து, பல்சக்கரம் மாற்றிக் களத்துக்கு வந்தன. பார்வையாளர் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியும் களத்தில் ஓடும் வண்டியும் ஒரே இனம் என்பதால், எந்த மெக்கானிக் எதை மாற்றியிருப்பார் என்ற விவாதம் பந்தயத்துக்கு முன்பே தொடங்கி, முடிந்த பின்பும் நீண்டது. மறுபுறம், பின்னாளில் வேறு காரணங்களுக்காகச் செய்திகளில் அடிபட்ட விஜய் மல்லையா, ஃபார்முலா ஒன் போட்டிகளில் ஓடிய என்சைன் காரை 1980களில் அங்கே ஓட்டினார். கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன் உள்நாட்டிலேயே பந்தயக் கார்களை வடிவமைத்துக் களமிறக்கினார். 1995இல் விமான விபத்தில் உயிரிழந்த கரிவரதனின் பெயரைக் கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே தாங்கி நிற்கிறது. கோடீஸ்வரரின் காரும் பட்டறைக்காரரின் மோட்டார் சைக்கிளும் ஒரே நாளில் ஒரே சிமென்ட் தளத்தில் ஓடிய அந்தக் கலவை பின்னர் வேறெங்கும் அதே அளவில் அமையவில்லை.

இந்த வட்டாரத்துக்கும் மோட்டார் பந்தயத்துக்கும் உள்ள உறவு டயரிலும் தோலிலும் இருக்கிறது. பந்தயப் புரவலர்களில் முதன்மையான எம்ஆர்எஃப் நிறுவனத்தின் ஆலை ஒன்று இராணிப்பேட்டை மாவட்டத்துக்குள்ளேயே, அரக்கோணம் அருகே இச்சிபுத்தூரில் உள்ளது. தோலைப் பொறுத்தவரை, மோட்டார் சைக்கிள் பந்தய உடை என்பது பாலாற்றங்கரைத் தோல் தொழிலாளர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் எடைபோடக்கூடிய பொருள். குரோமியம் கொண்டு பதனிடப்பட்டு, தொழிலில் வெட் புளூ எனப்படும் நீல நிற ஈரத்தோல், ஷேவிங் இயந்திரத்தில் சீவப்பட்டுப் பெரும்பாலும் 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது. அதைவிட மெலிந்தால் தரையில் உராயும்போது கிழியும், தடித்தால் ஓட்டுநரால் உடலை வளைக்க இயலாது. தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் ஆகிய இடங்களில் இரட்டைத் தோல் வைத்துத் தைக்கப்படுகிறது. தையல் நூல் தரையில் தேய்ந்து அறுந்துவிட்டால் தோல் எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை என்பதால், வெளித்தையலுக்கு அடியில் மறைவாக இன்னொரு தையல் ஓட்டப்படுகிறது. வண்டியில் குனிந்து அமர்ந்த நிலைக்கே அளவெடுத்து வெட்டப்படுவதால், அந்த உடையை அணிந்து நிமிர்ந்து நிற்பவர் முதுகு கூனியவர் போலத் தோன்றுவார். கையுறை, காலணி, மேற்சட்டை என இவ்வகைப் பொருள்களைத் தைக்கும் கைத்திறன் கொண்ட வட்டாரம், அவற்றை அணிந்தோர் ஓடிய களத்தின் வரலாற்றைத் தனக்குத் தொடர்பில்லாததாகக் கருத முடியாது.

சோழவரப் பந்தயங்கள் நின்றது தவறு என்று இவ்வமைப்பு கூறவில்லை. தற்காலிகத் தடுப்புகளை மட்டும் நம்பிய களம் அது. வண்டிகளின் வேகம் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போனபோது, பாதைக்கு மிக அருகில் நின்ற கூட்டத்துக்கும் ஓட்டுநருக்கும் அங்கே போதிய பாதுகாப்பு இருந்திருக்க முடியாது. தடம் புரளும் வண்டி வேகம் இழந்து நிற்பதற்கான ஒதுக்கு வெளி, நிரந்தர வேலி, மருத்துவ வசதி ஆகியவை இல்லாத களத்தைப் பழைய பாசத்துக்காகத் தொடர்ந்து நடத்துவது பொறுப்பற்ற செயலாகவே இருந்திருக்கும். மேலும், அதை நடத்திய கிளப் வெறுங்கையோடு விலகிவிடவில்லை. திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக நிலம் வாங்கி 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிரந்தரக் களத்தை அமைத்து 1990இல் பந்தயம் தொடங்கியது. 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் தம் தொடக்கப் பந்தயங்களை ஓடியது அங்கேதான். மாற்றுக் களம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்த மாநிலத்திலேயே உள்ள நல்ல எடுத்துக்காட்டு இது. அதுவும் அரசின் கட்டாயம் ஏதுமின்றி, ஒரு கிளப்பின் உறுப்பினர்கள் தாமாக முன்வந்து செய்தது.

ஆயினும் களம் இடம்பெயர்ந்த அளவுக்குப் பார்வையாளர் இடம்பெயரவில்லை. திமிரியிலிருந்து பார்த்தால் சோழவரத்தைவிட இருங்காட்டுக்கோட்டையே அருகில் இருக்கிறது. ஆற்காடு, வாலாஜா வழியாகப் பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்தால் சென்னைக்குள் நுழையாமலே போய்விடலாம். அப்படியிருந்தும் சோழவரத்தில் திரண்ட கூட்டம் புதிய களத்தில் திரளவில்லை என்பது பழைய இரசிகர்கள் பலரும் ஒப்புக்கொள்வது. தொலைக்காட்சி, கிரிக்கெட், மாறிய பொழுதுபோக்கு எனக் காரணங்கள் பல கூறலாம். இவ்வமைப்பின் கணிப்பில், சோழவரப் பந்தயம் ஆண்டுக்கு ஒருமுறை கூடும் திருவிழாவாக இருந்ததும், புதிய களம் பயிற்சிக்கும் போட்டிக்குமான தொழில்முறை இடமாக மட்டும் வளர்ந்ததுமே முதன்மைக் காரணம். பாதுகாப்பு வந்தது, நேர அளவீட்டின் துல்லியம் வந்தது. குடும்பத்தோடு கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு போகும் பழக்கம் வரவில்லை.

ஆபத்தான விளையாட்டு என்றாலே மூடிவிடுவதுதான் வழி என்ற வாதத்துக்கு இவ்வட்டாரத்தில் கைமேல் பதில் உண்டு. வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை மாவட்டங்களில் தைமாதத்தை ஒட்டி நடைபெறும் மாடு விடும் விழாவில், குறிக்கப்பட்ட தொலைவை எந்தக் காளை மிகக் குறைந்த நொடிகளில் கடக்கிறது என்பதே போட்டி. அதாவது, அடிப்படையில் அதுவும் நேரத்தோடு ஓடும் பந்தயம்தான். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் காளைகளைப் பயன்படுத்தும் இத்தகைய விளையாட்டுகளுக்குத் தடை விதித்தது. 2017இல் அத்தடையை எதிர்த்து நடந்த மெரினா போராட்டத்தை அடுத்துத் தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அத்திருத்தத்தைச் செல்லும் என்றது. தடுப்பு வேலி, கால்நடை மருத்துவர் சோதனை, மாவட்ட நிர்வாகத்தின் முன்அனுமதி என்று விதிகள் வகுத்து நடத்த முடியும் என்று ஏற்கப்பட்ட பிறகு, இயந்திரங்களின் பந்தயத்துக்கு மட்டும் மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று கூறுவதில் நியாயம் இல்லை.

அயல்நாட்டு அனுபவமும் இங்கே கருதத்தக்கது. ஸ்பீட்வே என்பது ஆஸ்திரேலியாவில் 1920களில் உருப்பெற்று இங்கிலாந்தில் வேரூன்றிய மோட்டார் சைக்கிள் பந்தய வகை. நீள்வட்ட மண் தடத்தில் நால்வர் இடஞ்சுழியாக நான்கு சுற்று ஓடுவர், வண்டிக்கு பிரேக் கிடையாது, வளைவில் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டே வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். கவன்ட்ரி நகருக்கு அருகே பிராண்டன் அரங்கில் 1928இல் தொடங்கிய இப்பந்தயம் 2016உடன் நின்றது. நிலத்தை வாங்கியவர்கள் அங்கே வீடுகள் கட்ட விண்ணப்பித்தனர். இரசிகர்கள் பழங்கதை பேசிக்கொண்டிருப்பதோடு நிற்காமல் திட்ட அனுமதி விசாரணையில் எதிர்ப்பைப் பதிவு செய்தனர். வட்டார மன்றம் 2022இல் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. அவர்களுக்குப் பிடிமானமாக இருந்தது இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கை: விளையாட்டு இடம் ஒன்று தேவைக்கு மிகையானது என நிறுவப்பட்டாலோ, இணையான அல்லது மேலான மாற்று தரப்பட்டாலோ அன்றி, அதன்மேல் பொதுவாகக் கட்டடம் எழுப்பலாகாது என்பது அக்கொள்கை. குட்வுட் என்ற மற்றொரு விமானத் தளக் களம் 1966இல் பந்தயத்துக்கு மூடப்பட்டு, 1998இல் பழைய வண்டிகளின் நினைவுப் பந்தயமாக மீண்டும் திறக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முப்பது ஆண்டு இடைவெளிக்குப் பின் அது சாத்தியமானதற்குத் தடம் அழிக்கப்படாமல் இருந்ததே அடிப்படை.

இதே போன்ற கொள்கையை இந்தியாவில் கோருவதற்கு இங்கிலாந்து வரை போக வேண்டியதில்லை, வேலூரே போதும். தோல் பதனிடும் ஆலைகளின், அதாவது உள்ளூரார் டேனரி என்று அழைப்பவற்றின், கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, மாசு செய்பவரே அதன் ஈட்டுச் செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அறிவிக்கப்பட்டது. இலாபம் ஒருவருக்கு, இழப்பு ஊருக்கு என்ற ஏற்பாடு செல்லாது என்பதே அதன் சாரம். அந்தத் தீர்ப்பால் ஆலை மூடலையும் வேலையிழப்பையும் கண்டவர்கள் இவ்வமைப்பின் உறுப்பினர்களிடையே உண்டு. அதன் கடுமையை அறிந்தே அவர்கள் அதன் நியாயத்தையும் ஏற்கின்றனர். ஆற்றின் இழப்பும் விளையாட்டுக் களத்தின் இழப்பும் ஒரே எடையுள்ளவை அல்ல. ஒன்று உயிர்வாழ்வு, மற்றது பொழுதுபோக்கு. ஆனால் பொறுப்பை எவர் தலையில் வைப்பது என்ற கேள்விக்கு இரண்டிலும் விடை ஒன்றாகவே இருக்க முடியும்.

கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் குத்தகையை 2024 செப்டம்பரில் தமிழக அரசு இரத்து செய்ததும், அதற்குச் சில மாதங்கள் முன்பு உதகை பந்தய மைதானத்தை மீட்டுக்கொண்டதும் இக்கேள்வியை மீண்டும் எழுப்பியுள்ளன. வாடகை நிலுவை, குத்தகை நிபந்தனை ஆகியவை பற்றிய வழக்கில் இவ்வமைப்பு எந்தத் தரப்பையும் சார்ந்து பேசவில்லை. மழைக்காலத்தில் நகரம் மூழ்கும்போது கிண்டி மைதானத்தில் வெள்ளநீரைத் தேக்கக் குளம் வெட்டுவது வீண்செயல் என்று சொல்லவும் அது துணியாது. சூதாட்டத்தை ஒட்டி வளர்ந்த ஒரு விளையாட்டின் மீது பொதுமக்களுக்குப் பரிவு குறைவாக இருப்பதும் இயல்பே. இருப்பினும், இலாயம் பராமரித்தவர், இலாடம் அடித்தவர், சவாரி செய்தவர் ஆகியோரின் வேலை முறைகளைப் பதிவு செய்யாமல் அந்த இடம் உருமாறுமானால், அது சோழவரத்தில் நேர்ந்த பிழையைப் பெரிய அளவில் மீண்டும் செய்வதாகும்.

சோழவரத்தின் பிழை ஆவணமின்மையே. ஓட்டுநர்களில் புகழ்பெற்றோரின் பெயர்கள் ஆங்கில இதழ்களில் ஓரளவு பதிவாகியுள்ளன. வண்டியைத் தயார் செய்த பட்டறைக்காரர், கொடி அசைத்தவர், கூட்டத்தை ஒழுங்கு செய்தவர், தேநீர் விற்றவர் ஆகியோரைப் பற்றித் தமிழில் காணக்கிடைப்பது மிகச் சொற்பம். அக்காலத்தில் இளைஞராக இருந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துகொண்டிருக்கின்றனர். நுழைவுச் சீட்டு, நிகழ்ச்சி நிரல், கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஆகியவை பரண்களில் கரையானுக்கு இரையாகி வருகின்றன. எனவே, களத்தை நடத்திய கிளப்பும் புரவலர்களான டயர், வண்டி நிறுவனங்களும் தம்மிடமுள்ள பதிவேடுகளைத் திறந்துவிட வேண்டும் என்றும், அவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் அல்லது தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற பொது நிறுவனம் ஒன்றில் எண்ணியப் படிகளாகச் சேர்க்க முன்வர வேண்டும் என்றும் இவ்வமைப்பு கோருகிறது. சோழவரத்தில் மீண்டும் பந்தயம் நடத்த வேண்டும் என்பது அதன் கோரிக்கை அன்று. பழைய ஓடுதளத்தின் அருகே, அங்கு நடந்தது என்ன என்று தமிழில் கூறும் ஒரு கல்வெட்டு வைத்தாலே போதும்.

அரசிடம் கோருவது வேறு. விளையாட்டுக் களம் எதுவாயினும், அதை மூடவோ வேறு பயனுக்கு மாற்றவோ ஆணையிடும் முன் பொதுக் கருத்துக் கேட்பு நடத்தி, மாற்று இடம் எது, எப்போது திறக்கப்படும், செலவு எவருடையது என்ற மூன்றும் அந்த ஆணையிலேயே இடம்பெற வேண்டும். பொதுச் சாலையில் வேகப்போட்டி நடத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. அப்படியிருந்தும் நெடுஞ்சாலைகளில் இளைஞர்கள் இரவில் மோட்டார் சைக்கிள் விரட்டி உயிரிழக்கும் செய்தி ஓய்வதில்லை. வழக்கும் அபராதமும் தேவையே; அவற்றோடு, கட்டுப்படியாகும் கட்டணத்தில் தலைக்கவசமும் தோலுடையும் வாடகைக்குத் தந்து ஓட்டக் கற்றுக்கொடுக்கும் சிறு தடங்கள் மாவட்டத் தலைநகரங்களுக்கு அருகே வேண்டும். சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 2024 ஆகஸ்ட் இறுதியில் இரவு நேரக் கார் பந்தயம் நடத்த அரசால் முடிந்தது. இரண்டு நாள் காட்சிக்காக நகரச் சாலையைக் களமாக்கிய அதே முனைப்பின் சிறு பகுதியேனும் ஆண்டு முழுதும் பயன்படும் தடங்களுக்குத் திரும்ப வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டைக் களத்தை நடத்துவோரிடம் வைக்கும் வேண்டுகோள் எளியது: தேசியப் போட்டி நாள்களில் ஒரு பகுதி இருக்கைகளைக் குறைந்த கட்டணத்துக்கு ஒதுக்குதல், நெடுஞ்சாலைப் பேருந்து நிறுத்தத்திலிருந்து களத்துக்கு வண்டி வசதி செய்தல், வர்ணனையைத் தமிழிலும் வழங்குதல். இவ்வமைப்பு தன் பங்காக, ஆற்காடு, ஆம்பூர் வட்டாரங்களில் உள்ள பழைய ஓட்டுநர்கள், மெக்கானிக்குகள், தோலுடை தைத்தவர்கள் ஆகியோரின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்து, பதிவானவர்களின் ஒப்புதலுடன் மேற்குறிப்பிட்ட பொது நிறுவனங்களுக்கு வழங்கும்.