மலைப்பாதையும் பின்சில்லின் வில்லும்

பழைய வார்ப்பிலே செய்த மோட்டார் சைக்கிள்கள் மீண்டும் நம் மலைநாட்டு வீதிகளில் ஓடத் தொடங்கியிருக்கின்றன. வட்ட விளக்கும், நீர்த்துளி வடிவான எண்ணெய்த் தாங்கியும், அகன்ற இருக்கையுமாக அவை வரும்போது, சின்னத்துரைமார் மலைக்கு மலை மோட்டார் சைக்கிளில் சென்று வேலை பார்த்த காலத்தை முதியோர் நினைவுகூர்கின்றனர். இளைஞருக்கோ அவற்றின்மீது தீராத மோகம். எனினும், வாங்கிய சில மாதங்களில் பலருடைய வாயிலிருந்து ஒரே முறைப்பாடு வருகிறது: “முன்னே இருப்பவனுக்குக் குறையில்லை; பின்னே இருப்பவர் படும் பாட்டைச் சொல்லி முடியாது.”

பின்னே இருப்பவர் யார்? பெரும்பாலும் மனைவி, சில வேளைகளில் வயது சென்ற தாயார். ஆகவே, பின்சில்லின் அதிர்வுதாங்கியை மாற்றுவதா, மாற்றினால் எதை வாங்குவது என்பது வெறும் வாலிப விளையாட்டன்று. குடும்பத்திற் பேசித் தீர்க்க வேண்டிய விடயமே. கராஜ்களில் ‘ஷொக் அப்சோபர்’ என்று வழங்குவதையே இங்கு அதிர்வுதாங்கி என்கிறோம்.

வில் வந்த வரலாறு

ஆதியில் மோட்டார் சைக்கிளின் பின்சில்லுக்கு வில்லே கிடையாது. சட்டத்தோடு சில்லு இறுகப் பூட்டப்பட்டிருக்கும். ஆசனத்தின் கீழுள்ள இரண்டு சுருள்கள்தாம் மனிதனுடைய முதுகெலும்பைக் காத்தன. வின்சென்ட் போன்ற சில கம்பெனிகள் 1928ஆம் ஆண்டளவிலேயே பின்சில்லுக்கு வில் வைத்தன. ஆயினும், ஆடும் கையொன்றின் முனையிற் சில்லைப் பூட்டி, இருபுறமும் எண்ணெய் அதிர்வுதாங்கிகளை நிறுத்தும் முறை பரவலானது இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னரேயாம். 1948இல் இத்தாலியின் சான் றெமோவில் நடந்த ஆறுநாட் சோதனைப் போட்டியில், இம்முறையில் அமைந்த றோயல் என்பீல்ட் புல்லட் வண்டிகள் தங்கப் பதக்கங்கள் பெற்றன. 1955இல் சென்னையில் என்பீல்ட் இந்தியா கம்பெனி தொடங்கியபின் அந்தப் புல்லட் தமிழ் நிலத்திற் செய்த வண்டியாயிற்று. 2021இல் புதிதாக அமைக்கப்பெற்ற கிளாசிக் 350 வண்டியும் அதே இரட்டைத் தாங்கி முறையையே பின்பற்றுகிறது. ஏறக்குறைய 195 கிலோ நிறையுள்ள அவ்வண்டியில், பாரத்திற்கேற்ப வில்லின் முன்னழுத்தத்தை ஆறு படிகளில் மாற்றலாம்.

வில்லும் எண்ணெயும்

அதிர்வுதாங்கியில் இரண்டு வேலைக்காரர் உளர். ஒருவர் சுருள்வில், பாரத்தைத் தாங்குவது அவர் கடமை. மற்றவர் உள்ளே அடைபட்ட எண்ணெய். சிறு துவாரங்களின் வழியே அது நெருங்கிப் பாய்வதனால் வில்லின் துள்ளலை அடக்குகிறது. வில் மாத்திரம் இருந்தால், சுருளிற் கட்டிய ஏணையை ஒருமுறை இழுத்துவிட்டதுபோல வண்டி நெடுநேரம் ஆடிக்கொண்டே செல்லும். எண்ணெய் மாத்திரம் இருந்தால் வண்டி தரையிலே படுத்துவிடும். இவ்விருவரில் யார் சோர்ந்தார் என்று அறியாமல் புதியதொன்றை வாங்குவது, நோயறியாமல் மருந்து வாங்குவதற்கு ஒப்பாகும்.

சமவெளியில் இக்குறை முதுகுவலியோடு நின்றுவிடலாம். மலையில் அவ்வாறன்று. கினிகத்தேனையிலிருந்து அட்டனுக்கு ஏறும்போது பாரம் முழுவதும் பின்சில்லை நோக்கிச் சாய்கிறது. பின்னிருக்கையில் ஆளும் இருந்தால் வில் அடிவரை அமுங்கி, ஒவ்வொரு குழியிலும் இடிக்கிறது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியே இறங்கும்போதோ நிலைமை தலைகீழாகும். பாரம் முன்னே சென்றுவிடப் பின்சில்லு இலேசாகிறது. எண்ணெய் சோர்ந்த தாங்கியானால், கரடான வளைவிலே சில்லு துள்ளித் துள்ளித் தரையை விடும். தரையைத் தொடாத சில்லுக்குப் பிரேக் இருந்தும் பயனில்லை. மூடுபனியும் ஈரமும் சேர்ந்த மாலையில் இதன் பொருள் என்னவென்று மலைநாட்டாருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

பணப்பையைத் திறக்குமுன்

முதலாவதாகச் செலவில்லாத சோதனைகளைச் செய்க. பின் டயரில் காற்று அளவுக்கு மிஞ்சினால் நல்ல தாங்கியும் கெட்டதுபோலத் தோன்றும். ஆடும் கையின் அச்சும், தாங்கியின் இரு முனைகளிலுள்ள றப்பர் உறைகளும் தேய்ந்திருந்தால் புதிய தாங்கி அக்குறையை நீக்காது.

அடுத்தது அளவெடுத்தல். வண்டியை நடுக்காலில் நிறுத்திப் பின்சில்லைத் தரையிலிருந்து விடுவிக்க. அச்சாணியிலிருந்து நேர்மேலே ஓர் இடத்தில் அடையாளமிட்டு, இடைப்பட்ட தூரத்தை அளக்க. பின்னர், வழக்கமாக ஏறுகின்றவர் ஏறியிருக்க, மற்றொருவர் வண்டியை நிமிர்த்திப் பிடிக்க, மீண்டும் அளக்க. இரண்டிற்குமுள்ள வித்தியாசம் மொத்த அசைவின் மூன்றிலொரு பங்கை ஒட்டியிருத்தல் நன்று. சில்லு 90 மில்லிமீற்றர் அசையக்கூடிய வண்டியானால் 30 மில்லிமீற்றர் அமுங்கலாம். இதனினும் அதிகமானால் முன்னழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டுக. இறுதிப் படிக்கு வந்தும் குறையாவிடின், வில் உங்கள் பாரத்துக்குப் போதாது என்பது தெளிவு.

இங்கே ஒரு தப்பெண்ணத்தைக் களைதல் வேண்டும். முன்னழுத்தத்தைக் கூட்டினால் வில் பலமடைகிறது எனப் பலர் நம்புகின்றனர். அப்படியன்று. வில் அதே வில்தான். வண்டி நிற்கும் உயரம் மாத்திரமே மாறுகிறது.

அமுங்கும் அளவு சரியாக இருந்தும், ஒரு குழியைத் தாண்டியபின் வண்டி இரண்டு மூன்று தடவை எழுந்து விழுமாயின் குற்றம் எண்ணெயினுடையது. தண்டிலே எண்ணெய்க் கசிவும் தென்பட்டால் ஐயமே வேண்டாம்.

தெரிந்தெடுக்கும் முறை

புதிய தாங்கி வாங்குவோர் விற்பவரிடம் முதலிற் கேட்க வேண்டியது விலையன்று, “இவ்வில் எத்தனை கிலோ பாரத்துக்குச் செய்தது?” என்பதே. அறுபது கிலோ நிறையுள்ள ஒருவர் தனியே செல்வதற்கும், அவரே மனைவியையும் அரிசி மூட்டையையும் ஏற்றிச் செல்வதற்கும் ஒரே வில் பொருந்தாது. இரண்டும் வேண்டுமென்போர், சுருள்கள் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் ஐதாகவும் அமைந்த வில்லை நாடலாம். அது முதலில் இளகிக் கொடுத்துப் பின்னர் இறுகும்.

இரண்டாவது நீளம். மேற்கண்ணின் நடுவிலிருந்து கீழ்க்கண்ணின் நடுவரை பழையதை அளந்து, அதே அளவில் வாங்குக. உயரமாக நிற்பது அழகென்று நீண்டதைப் பூட்டினால், வண்டியின் திரும்பும் தன்மை மாறும். சங்கிலியின் சாய்வு மாறும். பக்கக்காலில் நிறுத்தினால் வண்டி அதிகம் சரியும். கண்ணின் துவாரமும் அகலமும், சங்கிலி உறையிலும் புகைக்குழாயிலும் முட்டாத இடைவெளியும் பார்க்கப்பட வேண்டும்.

மூன்றாவது உள்ளமைப்பு. சாதாரண தாங்கியில் எண்ணெயும் வாயுவும் ஒரே அறையிற் கலந்திருக்கும். நெடுந்தூரம் கரடான பாதையில் ஓடினால் எண்ணெய் சூடேறி நுரைத்து வலுவிழக்கும். வாயுவைத் தனியே ஓர் ஆடுதண்டினால் பிரித்துவைக்கும் முறையை 1950களில் பிரெஞ்சுப் பொறியியலாளர் டி கார்போன் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1976இல் சுவீடனில் தொடங்கிய ஓலின்ஸ், தாய்லாந்தின் வை.எஸ்.எஸ். முதலிய கம்பெனிகள் அவ்வகைத் தாங்கிகளைச் செய்கின்றன. பக்கத்தில் சிறு போத்தல் பொருந்திய தாங்கிகளும் உள. நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் செல்லும் தோட்ட உத்தியோகத்தருக்கு அப்போத்தல் அவசியமன்று. அன்றியும், மலிவான சிலவற்றில் அப்போத்தல் வெறும் அலங்காரமே, உள்ளே வழியேயில்லை. வில் மீண்டெழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகொன்று இருப்பதே மலைப்பாதைக்கு அதிலும் பயனுடையது.

நான்காவது, பழுதுபார்க்கும் வசதி. எண்ணெயும் அடைப்பு வளையமும் மாற்றக்கூடிய தாங்கி விலை கூடினும் நெடுநாள் உழைக்கும். 2020இல் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது என்பதை நினைத்தால், உள்ளதைப் பேணிக் காப்பதன் அருமை விளங்கும். பழைய பாணி வண்டிகளில் தண்டை மூடும் உறை இருப்பதுண்டு. அதனை அழகற்றதென்று கழற்றுவது அறிவன்று. தோட்டத்துச் சேறும் மணலும் தண்டைக் கீறாமற் காப்பது அதுவே.

எப்பொழுதும் இரண்டையும் ஒருங்கே மாற்றுக. இரண்டிலும் ஒரே படியில் முன்னழுத்தத்தை வைக்க. சில நாட்கள் ஓடியபின் ஆணிகளை மீண்டும் இறுக்குக. அறிந்த பாதையிலே, தனியே, பகலில் ஓட்டிப் பார்த்த பின்னரே பின்னே ஒருவரை ஏற்றுக.

இன்னுமொன்று. எத்தகைய விலையுயர்ந்த தாங்கியும் லயத்துக்குச் செல்லும் கற்பாதையைத் தார் வீதியாக்கிவிடாது. கர்ப்பிணியையும் எலும்பு தேய்ந்த முதியவரையும் கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தால் முச்சக்கர வண்டியை அமர்த்துவதே நெறி. கையிலுள்ள பணம் குறைவானால் முதலில் டயர், அடுத்துப் பிரேக், அதன் பின்னரே அதிர்வுதாங்கி. இந்த வரிசையை மனத்திற் கொண்டு, வாங்குமுன் பின்னிருக்கைக்காரரின் அபிப்பிராயத்தையும் கேட்பீர்களாக. குழியின் ஆழத்தை உங்களைவிட நன்கறிந்தவர் அவரே.