கேட்வே அருகே புதிய படகு முனையம்: உச்ச நீதிமன்றம் வரை போன சண்டை எதற்கு?

மும்பைக்கு முதல் தடவை போகிறவர்கள் கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் ஒரு செல்ஃபியாவது எடுக்காமல் திரும்ப மாட்டார்கள். நீங்களும் எடுத்திருப்பீர்கள். ஆனால், பக்கத்திலேயே கடலுக்குள் இறங்கும் படிக்கட்டுகளைக் கவனித்தீர்களா? எலிஃபண்டா குகைகளைப் பார்க்கப் போகிற சுற்றுலாப் பயணியும், மாண்ட்வா வழியாக அலிபாக் போகிற வழக்கமான பயணியும் அங்கேதான் படகு ஏறுகிறார்கள். அலையில் ஆடும் படகுக்குள் காலை எடுத்து வைக்க வேண்டும். வயதானவர்கள், குழந்தையோடு வருகிறவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

இந்தச் சிரமத்தைக் காரணம் காட்டித்தான், கொஞ்ச தூரம் தள்ளி ரேடியோ கிளப் அருகே புதிய முனையம் கட்டுகிறது மகாராஷ்டிர கடல்சார் வாரியம். மதிப்பு சுமார் 229 கோடி ரூபாய். கடலில் தூண்கள் நிறுத்தி, மேலே தளம் அமைக்கிறார்கள்.

சரி, பிரச்னை எங்கே வந்தது? திட்டத்தில் படகுத்துறை மட்டும் இல்லை. விஐபி ஓய்வறை, 150 கார் நிறுத்தும் இடம், திறந்தவெளி அரங்கம், உணவகம் என்று பட்டியல் நீண்டது. கொலாபா குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 'பணக்காரர்களுக்கு வீட்டு வாசலில் கூட்டம் பிடிக்கவில்லை' என்று இதைத் தள்ளிவிடுவது சுலபம். உச்ச நீதிமன்றத்திலேயே, எல்லாருக்கும் வசதி வேண்டும், ஆனால் தன் வீட்டுக்குப் பின்னால் வேண்டாம் என்கிற மனநிலை பற்றிப் பேச்சு வந்தது. ஆனால் ஒண்ணு, படகுக்குக் காத்திருக்கிறவருக்கு எதுக்கு அரங்கம்? அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

2025 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது, நிபந்தனைகளோடு. அரங்கத்தைப் பயணிகள் உட்கார்ந்து காத்திருக்க மட்டுமே பயன்படுத்தலாம், நிகழ்ச்சிகள் கூடாது. உணவகப் பகுதியில் குடிநீரும் பாக்கெட் உணவும் மட்டும்தான், உட்கார்ந்து சாப்பிட வசதி கிடையாது. முனையம் தயாரானதும் கேட்வேயில் இப்போதுள்ள படகுத்துறைகளைப் படிப்படியாக மூட வேண்டும். மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் செப்டம்பரில் தள்ளுபடி செய்தது.

இதில் கவனிக்க வேண்டியது அந்தக் கடைசி நிபந்தனையைத்தான். பழைய படிகள் மூடப்பட்டால், கேட்வே பக்கம் படகு ஏற வருகிறவருக்கு இந்த ஒரு கதவுதான். பாதுகாப்பு, கூட்டம், கட்டணம் எல்லாம் இங்கேயே தீர்மானமாகும்.

பாதுகாப்பு என்றதும் 2024 டிசம்பர் 18 ஞாபகம் வரும். எலிஃபண்டாவுக்குப் போன 'நீல்கமல்' படகு மீது, இன்ஜின் சோதனையில் இருந்த கடற்படைப் படகு மோதியதில் 15 பேர் இறந்தார்கள். அனுமதிக்கப்பட்டதை விட அதிகம் பேர் நீல்கமலில் இருந்ததும் பிறகு தெரியவந்தது. எத்தனை பேர் ஏறுகிறார்கள், எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கா என்று கரையிலேயே எண்ணிப் பார்க்க ஆள் வேண்டும். 229 கோடி கட்டடம் அதைத் தானாகச் செய்யாது.

அப்புறம் அந்த 150 கார்கள். அலிபாக்கில் பங்களா வைத்திருப்பவர் காரில் வருவார். சிஎஸ்எம்டி-யில் ரயிலை விட்டு இறங்கும் சாதாரணப் பயணி பெஸ்ட் பஸ்ஸிலோ டாக்ஸியிலோதான் வருவார். அந்த பஸ் முனைய வாசல் வரை வருமா என்பதைத்தான் இனி நீங்கள் கேட்க வேண்டும்.